ஸ்கேன் அறிக்கையில் ‘கிளியோசிஸ்’ என்று எழுதியிருந்தால்

வாசகர் கேள்வி:

என் தம்பிக்கு வயது 34. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலையில் திடீரென்று வலிப்பு வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளையில் மிளகளவு ஒரு புண் இருப்பதாகச் சொல்லி மருந்து கொடுத்தார்கள். இரண்டரை ஆண்டுகள் சாப்பிட்டு, மருத்துவர் சொன்ன பிறகே நிறுத்தினான். அதன்பின் வலிப்பு வரவில்லை. சென்ற மாதம் தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘சுண்ணாம்பு படிந்த பழைய கிரானுலோமா, அதைச் சுற்றிக் கிளியோசிஸ்’ என்று இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் இது ‘கிளியோமா’ என்ற புற்றுநோயின் தொடக்கம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இன்னொருவர், மூளையில் பத்தில் ஒன்பது பங்கு கிளியல் செல்கள்தாம், அவை தூங்கிக் கிடக்கின்றன, அவற்றை எழுப்ப மாத்திரை இருக்கிறது என்கிறார். கிளியல் செல்கள் நரம்புகளைத் தாங்கிப் பிடிப்பவை என்று பள்ளியில் ஒரே வரியில் படித்ததோடு சரி. எதை நம்புவது?

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி.

நரம்பியல் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் உங்கள் அச்சத்துக்கான விடையைச் சொல்லிவிடுகிறேன்; விளக்கம் பிறகு வரட்டும். கிளியோசிஸ் புற்றுநோய் அன்று; புற்றுநோயின் முதற்படியும் அன்று. தோலில் ஆழமாக வெட்டுப்பட்ட இடத்தில் தழும்பு தங்குவதுபோல, மூளையில் எப்போதோ ஏற்பட்ட சேதம் ஆறிய இடத்தில் தங்கும் தழும்புக்குத்தான் அந்தப் பெயர். ஸ்கேன் படத்தைப் பார்க்கும் கதிரியக்க மருத்துவர் தாம் கண்டதைக் கண்டபடி எழுதுகிறார். அந்தத் தழும்பு எதனால் வந்தது, இனி அதனால் என்ன வரக்கூடும் என்பவற்றை நோயாளியின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர், சிகிச்சை தரும் மருத்துவர்.

உங்கள் உறவினருக்குக் குழப்பம் வந்தது இயல்பே, ஏனெனில் இரண்டு சொற்களும் ஒரே வேரில் பிறந்தவை. கிளியோமா என்பது கிளியல் செல்களோ அவற்றின் முன்னோடிச் செல்களோ கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாகும் கட்டி. வளர்ந்தவர்களின் மூளையில் நியூரான்கள் என்னும் நரம்பணுக்கள் பிரிந்து பெருகுவது ஏறத்தாழ இல்லை. கிளியல் வகைச் செல்களோ தேவைப்படும்போது பெருகக்கூடியவை. மூளைத் திசுவிலேயே தோன்றும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருப்பதற்கு அதுவே முக்கியமான காரணம். படத்திலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு: கட்டி வளர்ந்து பக்கத்துத் திசுவைத் தள்ளும், தழும்பு தள்ளாது, பல நேரங்களில் சுருங்கித் தன் பக்கம் இழுக்கும், ஆண்டுகள் சென்றாலும் பெரிதாவதில்லை.

இனி, நீங்கள் பள்ளியில் படித்த அந்த ஒற்றை வரிக்கு வருவோம். ஜெர்மானிய நோய்க்குறியியல் அறிஞர் ருடால்ஃப் விர்சோ, நரம்பணுக்களுக்கு இடையே நிரம்பியிருந்த பொருளுக்கு 1856-இல் ‘நியூரோகிளியா’ என்று பெயரிட்டார். ‘கிளியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்பது பொருள். செங்கற்களுக்கு இடையிலான சாந்துபோல நரம்பணுக்களை ஒட்டி நிறுத்தும் பூச்சு என்பதே அன்றைய எண்ணம், அன்றைய நுண்ணோக்கியில் அதற்கு மேல் தெரிந்திருக்கவும் முடியாது. பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, பெயரோடு எண்ணமும் ஒட்டிக்கொண்டு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடநூல்களில் நீடித்தது. நியூரான்களின் மின்துடிப்பைக் கருவிகளால் எளிதாகப் பதிவு செய்ய முடிந்தது, கிளியல் செல்களோ அப்படித் துடிப்பதில்லை; கருவிக்குப் பேசாதவை சும்மா இருப்பதாகக் கருதப்பட்டன.

பத்தில் ஒன்பது பங்கு என்ற கணக்கும் பழைய பாடநூல்கள் விட்டுச்சென்றதே. பிரேசில் நாட்டு ஆய்வாளர் சுசானா எர்குலானோ-ஹூசெலும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு ஆண்களின் மூளைகளைப் பகுதி பகுதியாகச் சீரான கரைசலாக்கி, அதில் மிதக்கும் செல் உட்கருக்களை எண்ணிப் பார்த்தார்கள். சராசரியாக 8,600 கோடி நியூரான்களும், ஏறத்தாழ 8,500 கோடி பிற செல்களும் இருந்தன. அந்தப் பிற செல்களில் இரத்தக்குழாய்ச் செல்களும் அடக்கம் என்பதால், கிளியல் செல்கள் மொத்தத்தில் நியூரான்களைவிடக் கூடுதலாக இருக்க வழியில்லை. ஆனால் இடத்துக்கு இடம் விகிதம் பெரிதும் மாறுகிறது. சிறுமூளையில் நியூரான்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன. பெருமூளைப் புறணியையும் அதன் கீழுள்ள வெண்பொருளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நியூரானுக்கு நான்கு பிற செல்கள் என்ற அளவு வருகிறது. மாத்திரை இருக்கிறது என்று உங்களிடம் சொன்னவர் ஐன்ஸ்டைனையும் இழுத்திருப்பார் என்று நினைக்கிறேன், வழக்கமாக இழுப்பார்கள். 1985-இல் மரியன் டயமண்ட் குழுவினர் ஐன்ஸ்டைன் மூளையின் நான்கு இடங்களை 11 பிறருடைய மூளைகளோடு ஒப்பிட்டபோது, இடப்பக்கத்தில் ஒரே ஓரிடத்தில் மட்டும் நியூரானுக்கு இத்தனை கிளியல் செல் என்ற விகிதம் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இருந்தது. ஒரே ஒருவர், நான்கில் ஓரிடம்: இதை வைத்து மேதைமைக்கு விளக்கம் சொல்ல முடியாது, மாத்திரை விற்கவும் கூடாது.

கிளியல் செல்களில் பல வகை உண்டு. உங்கள் தம்பியின் அறிக்கையோடு நேரடித் தொடர்புடையது ஆஸ்ட்ரோசைட் என்னும் விண்மீன் வடிவச் செல் என்பதால், அதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். ஏரிப் பாசன ஊர்களில் மடையைத் திறந்தும் அடைத்தும், எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு நீர் என்று பங்கிடும் நீர்க்கட்டி என்ற பணியாளரை நீங்கள் அறிந்திருக்கலாம். விளைச்சல் கணக்கில் அவர் பெயர் வராது; அவர் ஒரு வாரம் வராவிட்டால் ஒரு பக்கம் பயிர் அழுகும், மறுபக்கம் காயும். ஆஸ்ட்ரோசைட்டின் கிளைகளில் சில இரத்தக்குழாய்களைச் சுற்றிப் பாதம் பதித்திருக்கின்றன. வேறு பல, நியூரான்கள் ஒன்றோடொன்று சேதி பரிமாறும் சினாப்ஸ் என்ற சந்திப்புகளைத் தழுவி நிற்கின்றன. எந்தப் பகுதி மும்முரமாக வேலை செய்கிறதோ அந்தப் பகுதிக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டுவதில் அதற்குப் பங்கு உண்டு. உடல் எடையில் இரண்டு விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்த மூளையில் கிளைக்கோஜன் என்ற சிறு சேமிப்பை வைத்திருப்பவையும் பெரும்பாலும் இந்தச் செல்களே.

நியூரான் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் சிறிதளவு பொட்டாசியம் வெளியே கசிகிறது. அது செல்களுக்கு வெளியே தேங்கினால் பக்கத்து நியூரான்கள் காரணமின்றித் தூண்டப்படும். தேங்க விடாமல் உறிஞ்சி அப்புறப்படுத்துவது ஆஸ்ட்ரோசைட்டின் வேலை. நியூரான்கள் ஒன்றையொன்று தூண்டப் பயன்படுத்தும் முதன்மையான வேதிப்பொருள் குளூட்டமேட். சேதி சொல்லி முடித்த கணமே அதையும் அகற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் தூண்டுதல் நீண்டு நியூரானையே கொன்றுவிடும். ஆஸ்ட்ரோசைட் அதை உள்ளே இழுத்து, அம்மோனியாவோடு சேர்த்துக் குளூட்டமின் என்ற தீங்கற்ற பொருளாக மாற்றி, மீண்டும் நியூரானிடம் மூலப்பொருளாகத் திருப்பித் தருகிறது.

இதில் அம்மோனியா என்ற சொல்லைக் கவனியுங்கள். கல்லீரல் சுருங்கிய நோயாளிக்குப் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, தடுமாற்றம், கை படபடப்பு என்று வருவதையும், அவருக்கு மருத்துவர் மலமிளக்கும் சர்க்கரைப் பாகு ஒன்றை எழுதிக் கொடுப்பதையும் பல குடும்பங்கள் பார்த்திருக்கும். ‘மூளைக் கோளாறுக்குப் பேதி மருந்தா?’ என்று என்னிடம் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. கல்லீரல் கழிக்கத் தவறிய அம்மோனியா மூளைக்கு வரும்போது அதை ஏற்றுக்கொள்வது ஆஸ்ட்ரோசைட்டே. அளவு மீறினால் அதனுள் குளூட்டமின் சேர்ந்து செல் வீங்குகிறது, அதைச் சார்ந்த நியூரான்கள் தடுமாறுகின்றன. குடலில் அம்மோனியாவைக் குறைப்பதன் மூலம் அந்தப் பாகு காப்பாற்றுவது மூளையின் ஆஸ்ட்ரோசைட்டுகளையும்தான்.

இந்தச் செல்கள் பேசாதவை என்ற எண்ணமும் 1990-இல் ஆட்டம் கண்டது. வளர்ப்புத் தட்டில் இருந்த ஆஸ்ட்ரோசைட்டுகளுக்குக் குளூட்டமேட் கொடுத்தபோது, அவற்றுக்குள் கால்சியம் அளவு உயர்ந்து, அந்த உயர்வு செல்லிலிருந்து செல்லுக்கு அலையாகப் பரவுவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். மின்துடிப்பு இல்லாவிட்டாலும் அவற்றுக்கென மெதுவான ஒரு மொழி இருக்கிறது. 1999 முதல், சினாப்ஸ் என்பது இரண்டு நியூரான்களும் ஓர் ஆஸ்ட்ரோசைட்டும் சேர்ந்த முத்தரப்புச் சந்திப்பு என்று பேசத் தொடங்கினார்கள். ஆஸ்ட்ரோசைட் பதிலுக்கு எந்த அளவு சேதி அனுப்புகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. கேட்கிறது என்பதில் இல்லை. மனித ஆஸ்ட்ரோசைட் எலியினுடையதைவிடக் குறுக்களவில் இரண்டரை மடங்குக்கும் மேல் பெரியது. ஒரே செல்லின் எல்லைக்குள் இருபது இலட்சம் சினாப்ஸ்கள் வரை அடங்கக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

காயம் பட்டால் முதலில் ஓடி வருவது இன்னொரு வகை, மைக்ரோகிளியா. ஸ்பெயின் நாட்டின் பியோ டெல் ரியோ ஒர்டேகா 1919-இல் வெள்ளி உப்புச் சாயத்தால் இவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். கருவின் தொடக்க நாள்களில் கருவுணவுப் பையில் தோன்றி, மூளைக்குள் குடியேறி, அங்கேயே தங்கிவிடும் காவல் செல்கள் இவை. ‘ஓய்வு நிலை’ என்று பாடநூல்கள் சொல்லிவந்த நிலையில் இவை ஒரு நிமிடம்கூட ஓய்வதில்லை என்பது 2005-இல், உயிருள்ள எலியின் மூளையை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தபோது தெரிந்தது. மெல்லிய கிளைகளை நீட்டியும் மடக்கியும் சுற்றுப்புறத்தை ஓயாமல் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. சிறு சேதம் ஏற்பட்டதும் சில நிமிடங்களில் கிளைகளை அங்கே திருப்புகின்றன. வளரும் மூளையில் தேவைக்கு மேல் உண்டான சினாப்ஸ்களைக் களைபோல நீக்குவதும் இவைதாம். வயதான மூளையில் இதே களையெடுப்பு அளவு கடப்பது அல்சைமர் நோயில் ஒரு பங்கு வகிக்கலாம் என்ற ஐயம் இப்போது வலுவாக ஆராயப்படுகிறது.

ஒலிகோடெண்ட்ரோசைட் வகையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூரானின் நீண்ட இழையான ஆக்சானைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறையைச் சுருட்டுவது இவற்றின் பணி. உறையில்லாத மெல்லிய இழையில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் செல்லும் துடிப்பு, தடித்த உறையுள்ள இழையில் நூறு மீட்டர் வரை செல்லும். புதிய கைத்திறன் ஒன்றைக் கற்கும் எலிக்குப் புதிய மயலின் தேவைப்படுகிறது என்று 2014-இல் நிறுவப்பட்டது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் சிதைவது இந்த உறையே. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே, கைகால் நரம்புகளில் அதே வேலையை ஷ்வான் செல்கள் செய்கின்றன. தொழுநோய்க் கிருமி தங்கி வாழ இடம்பிடிப்பது அவற்றுக்குள் என்பதால்தான் அந்நோயில் தோல் உணர்விழக்கிறது. மூளையின் நீரறைகளுக்கு உள்வரியாக அமைந்து, மூளைத் தண்டுவட நீரை அசைத்து நகர்த்தும் எபென்டைமல் செல்களும் இந்தக் குடும்பமே.

இப்போது அறிக்கையின் வரிக்குத் திரும்புவோம். நம் ஊர்களில் இளம் வயதில் முதன்முதலாக வலிப்பு வந்து, ஸ்கேனில் மிளகளவு ஒற்றைப் புண் தெரிந்தால், பெரும்பாலும் அது நாடாப்புழுவின் இளநிலைப் பையாக இருக்கும். சிலருக்குக் காசநோய்க் கட்டியாக இருக்கும். முன்பு இவற்றையெல்லாம் காசநோய் என்றே கருதி மருந்து கொடுத்துவந்தார்கள். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் இத்தகைய புண்களின் திசுவை எடுத்து ஆராய்ந்து, பலவும் புழுவினால் வந்தவை என்று காட்டிய பிறகே சிகிச்சை முறை மாறியது. புழுவின் முட்டை அசுத்தமான நீர், கழுவாத கீரை, அழுக்குக் கை வழியாகவே உடலுக்குள் போகிறது என்பதால் சைவ உணவுக்காரர்களுக்கும் இது வரும். உங்கள் தம்பிக்கு வந்தது இவற்றுள் எது என்பதை அன்றைய படங்களும் மருந்துச் சீட்டும்தான் சொல்லும்.

எதுவாயினும், பின்னர் நடப்பது ஒன்றே. கிருமியோ புழுவோ அழியும்போது மைக்ரோகிளியாவும் இரத்தத்திலிருந்து வரும் வெள்ளணுக்களும் குவிகின்றன. அந்த இடம் வீங்குகிறது. பெரும்பாலும் வலிப்பு வருவது அப்போதுதான். சுற்றியுள்ள ஆஸ்ட்ரோசைட்டுகள் பருத்து, சில பெருகி, கிளைகளைப் பின்னி வேலிபோல் ஒரு வரம்பு கட்டுகின்றன. நாளடைவில் நடுவில் சுண்ணாம்பு படிந்து, வரம்பு மட்டும் நிலைத்துவிடுகிறது. சுண்ணாம்பு படிந்த அந்த நடுப்பகுதிதான் அறிக்கை சொல்லும் கிரானுலோமா; அதைச் சுற்றிய வரம்புதான் கிளியோசிஸ். இது நரம்பு மீண்டும் வளர்வதைத் தடுக்கும் தொல்லை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் தண்டுவடம் காயப்பட்ட எலிகளில் இந்த வரம்பு உருவாகாமல் தடுத்தபோது, 2004-இல் அழற்சி பரவிச் சேதம் கூடியதையும், 2016-இல் நரம்பிழை அதனால் கூடுதலாக வளராததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் தம்பியின் தலைக்குள் இருப்பது, ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தீ பரவாமல் அணைக்கப்பட்டதன் சுவடு.

என்றாலும் தழும்புக்கு ஒரு விலை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. தழும்பாகிவிட்ட ஆஸ்ட்ரோசைட்டுகள் மேலே சொன்ன பொட்டாசியம், குளூட்டமேட் வேலைகளைப் பழைய திறமையோடு செய்வதில்லை. ஆகவே அந்த இடத்தைச் சுற்றியுள்ள நியூரான்கள் எளிதில் தூண்டப்படக்கூடியவை. சுண்ணாம்பு படிந்த புண் உள்ளவர்களில் சிலருக்கு, மருந்தை நிறுத்திய பிறகு ஆண்டுகள் கழித்தும் வலிப்பு திரும்புவது இதனால்தான். வலிப்பு இன்றி மூன்று ஆண்டுகளுக்கு மேல் கடந்திருப்பது நல்ல அறிகுறி. இப்போதைய படத்தை மட்டும் பார்த்து மீண்டும் மருந்து தொடங்க வேண்டியதில்லை என்பது பொதுவான நடைமுறை. ஆனால் முடிவு அவரை நேரில் பார்க்கும் மருத்துவருடையது. இரவு விழித்திருப்பதும் மதுவும் வலிப்பைத் தூண்டும், இரண்டையும் தவிர்க்கச் சொல்லுங்கள். தப்பித்தவறி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், வாயில் எதையேனும் வைப்பதும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தலைவலியைப் பொறுத்தவரை, மூளைத் திசுவுக்கு வலியுணரும் நரம்பு முனைகள் இல்லை. ஆறிப்போன சிறு தழும்பு தலைவலி தருவது அரிது. ஒற்றைத் தலைவலி, கழுத்துத் தசை இறுக்கம், கண்பார்வைக் குறைபாடு, தூக்கக் குறைவு என்று அதற்கான காரணத்தைத் தனியாகத் தேட வேண்டும். வாந்தி, பார்வை மங்கல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்துகொண்டால் மட்டும் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

மாத்திரையை வாங்க வேண்டாம். தூங்கிக் கிடக்கும் கிளியல் செல் என்று ஒன்று கிடையாது என்பதை மேலே பார்த்தோம். ஆஸ்ட்ரோசைட்டுகளும் மைக்ரோகிளியாவும் உண்மையிலேயே தட்டி எழுப்பப்பட்டால் நடப்பது கிளியோசிஸே. மாத்திரையைச் சொன்னவர் அதை அறிந்திருந்தால் ‘எழுப்புவது’ என்ற சொல்லையே பயன்படுத்தியிருக்க மாட்டார். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொருளை, வலிப்பு வந்த வரலாறு உள்ளவர் உட்கொள்வது ஆபத்து.

அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, ஆறு ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஸ்கேன் படத் தகடுகளைப் பரணிலிருந்தாவது தேடி எடுத்துச் செல்லுங்கள். பழையதையும் புதியதையும் விளக்குப் பெட்டியில் அருகருகே மாட்டி, அந்தப் புள்ளி அதே இடத்தில் அதே அளவிலோ அதைவிடச் சுருங்கியோ இருக்கிறதா, சுற்றிலும் புதிய வீக்கம் உண்டா என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு விடை சொல்ல எந்த மருத்துவருக்கும் இரண்டு நிமிடம் போதும்.